நோசோஸ் அரண்மனையின் கம்பளிக் கணக்கு

கிரேக்க நாட்டுக்குத் தெற்கே மத்தியதரைக் கடலில் உள்ள கிரீட் தீவில், நோசோஸ் என்னும் பழைய அரண்மனையின் இடிபாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கான களிமண் பலகைகள் கிடைத்துள்ளன. அவற்றில் அரசர்களின் வெற்றியோ, கடவுளரின் கதையோ, சட்டமோ எழுதப்படவில்லை. பெரும்பகுதி செம்மறி ஆடு, கம்பளி, துணி ஆகியவற்றின் கணக்கு. எந்த ஊரில் எந்த மேய்ப்பரிடம் எத்தனை ஆடுகள், அவை எவ்வளவு கம்பளி தரவேண்டும், எவ்வளவு தந்தன, எவ்வளவு குறைகிறது, அந்தக் கம்பளியை எந்தப் பெண்கள் குழுவிடம் எந்தத் துணிக்காகக் கொடுப்பது என்பவையே அவற்றின் செய்தி. ஐரோப்பாவில் இன்று படிக்க முடிகிற மிகப் பழைய எழுத்துச் சான்றுகளுள் இவை முதல் வரிசையில் நிற்பவை.

இவற்றை வெறும் இருப்புப் பட்டியல் என்று சொல்லிவிட முடியாது. இருப்பதை எண்ணி எழுதுவது ஒன்று. இருப்பைக் கொண்டு அடுத்து என்ன செய்யலாம், அதற்கு எவ்வளவு மூலப்பொருள் வேண்டும் என்று முன்கூட்டிக் கணித்து எழுதுவது வேறொன்று. நோசோஸ் கணக்கர்கள் இரண்டாவதைச் செய்தார்கள். இன்றைய சொல்லில் அதைத் திட்ட மதிப்பீடு எனலாம்.

பலகைகள் கிடைத்த வரலாறு

ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஆர்தர் எவன்ஸ் 1900ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் நோசோசில் அகழ்வைத் தொடங்கினார். முதல் சில நாட்களிலேயே எழுத்துள்ள பலகைகள் வெளிவரத் தொடங்கின. பிற்காலத்தில் கிடைத்தவற்றையும் சேர்த்து எண்ணினால், முழுப் பலகைகளும் உடைந்த துண்டுகளுமாக மூவாயிரத்துக்கு மேல் வரும். எழுத்து வடிவத்தைக் கொண்டு எவன்ஸ் கிரீட் தீவின் எழுத்துகளை மூன்றாகப் பிரித்தார். அவற்றுள் கடைசியானதற்கு அவர் இட்ட பெயர் 'லீனியர் பி', அதாவது நேர்கோட்டு எழுத்தின் இரண்டாம் வகை. இந்தக் கம்பளிக் கணக்கு முழுவதும் அந்த எழுத்தில் உள்ளது.

இந்தப் பலகைகள் செங்கல்போலச் சூளையில் சுடப்பட்டவை அல்ல. ஈரக் களிமண்ணை நீளவாக்கில் தட்டி, கூரிய குச்சியால் கீறி எழுதி, வெறுமனே உலர வைத்தார்கள். அந்த ஆண்டின் கணக்கு முடிந்ததும் அவற்றை நீரில் குழைத்து மறுபடியும் பயன்படுத்தியிருக்கக் கூடும். நிலையான பேரேடு வேறு ஏதேனும் பொருளில் எழுதப்பட்டதா என்பதற்குச் சான்று இல்லை. அப்படியானால் இவை ஏன் அழியவில்லை? அரண்மனை தீப்பற்றி எரிந்தபோது அந்த வெப்பத்தில் பலகைகள் வெந்து கெட்டிப்பட்டன. அரண்மனையை அழித்த தீயே அதன் கணக்கைக் காப்பாற்றியது. அந்தத் தீ விபத்து கி.மு. 14ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்தது என்று ஆய்வாளர்கள் பலர் கொள்வர். அதற்கும் பிந்தியது என்போரும் உண்டு. எவ்வாறாயினும், கையில் இருப்பது பெரும்பாலும் ஓர் அரண்மனையின் கடைசி ஆண்டுக் கணக்கு. 'இந்த ஆண்டு', 'சென்ற ஆண்டு' என்ற சொற்கள் பலகைகளில் வருகின்றன. எந்த ஆண்டு என்பதற்கு எண் எதுவும் இல்லை. எழுதியவர்களுக்கு அது தேவைப்படவும் இல்லை.

எவன்ஸ் தாம் கண்டெடுத்தவற்றில் சிறு பகுதியை மட்டுமே வாழ்நாளில் வெளியிட்டார். 1941இல் அவர் இறந்த பின், எஞ்சியவை 1952இல்தான் நூலாக வந்தன. அரை நூற்றாண்டுக் காலம் மற்ற அறிஞர்கள் மூலப் படிகளைப் பார்க்க முடியாமல் தவித்தார்கள். இதற்கிடையே 1939இல் அமெரிக்கரான கார்ல் பிளெகன் கிரேக்கப் பெருநிலத்தின் தென்மேற்கே உள்ள பைலோசில் அதே எழுத்துள்ள நூற்றுக்கணக்கான பலகைகளைக் கண்டெடுத்தார். அங்கும் அரண்மனை, தீ, கணக்கு என்ற அதே நிலைதான். நோசோஸ் பலகைகளை விளங்கிக்கொள்ள பைலோஸ் பலகைகள் பெரிதும் துணைசெய்கின்றன.

மொழி தெரியாமலே படித்த கணக்கு

எழுத்தின் ஒலி தெரிவதற்கு முன்பே கணக்கு ஓரளவு விளங்கிவிட்டது. எண்குறிகள் எளியவை. ஒன்றுக்கு நின்ற கோடு, பத்துக்குப் படுத்த கோடு, நூறுக்கு வட்டம். எண்ணுக்கு முன்னால் என்ன பொருள் என்பதைக் காட்ட ஒரு சிறு உருவக்குறி இருக்கும். பெண், ஆண், தேர், சாடி போன்ற குறிகளைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் காணலாம். பலகையின் அடியில் ஒரு சொல்லும், அதை அடுத்து மேலே உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் வரும். ஆகவே அந்தச் சொல் 'மொத்தம்' என்பது தெரிந்தது. கூட்டல் தெரிந்தவர் எவரும் கண்டுபிடிக்கக் கூடிய முதல் சொல் இதுதான்.

1927இல் ஆர்தர் கௌலி என்பவர் பெண்களின் பட்டியல்களில் மற்றொன்றைக் கவனித்தார். பெண் குறிக்கும் எண்ணுக்கும் பின்னால் இரண்டு சொற்கள் திரும்பத் திரும்ப வந்தன. அவை 'சிறுவர்', 'சிறுமியர்' என்பவையாக இருக்க வேண்டும் என்று அவர் கூறினார். எது எது என்பது மட்டும் அப்போது தெரியவில்லை. வேலைக்குப் போன பெண்களையும் அவர்களோடு இருந்த பிள்ளைகளையும் எண்ணி வைத்த பட்டியல்கள் இவ்வாறு புரியாத மொழிக்குள் நுழையும் வாசல்களுள் ஒன்றாயின.

அடுத்த பெரிய அடியை எடுத்து வைத்தவர் நியூயார்க்கில் புரூக்ளின் கல்லூரியில் பாடம் நடத்திய ஆலிஸ் கோபர். போர்க்காலத்தில் தாள் கிடைக்காத நிலையில், கிடைத்த காகிதத் துண்டுகளையெல்லாம் சிறு அட்டைகளாக வெட்டி, ஏறத்தாழ 1,80,000 அட்டைகளில் ஒவ்வொரு குறியும் வரும் இடத்தைக் குறித்துவைத்தார். அவற்றை அடுக்கிவைக்கச் சிகரெட் அட்டைப்பெட்டிகளைப் பயன்படுத்தினார். ஒரே சொல் மூன்று வேறு ஈறுகளோடு வருவதைக் காட்டி, இம்மொழியில் சொற்கள் திரிபடையும் என்பதை அவர் நிறுவினார். 'மொத்தம்' என்ற சொல்லுக்கே ஆண்பால், பெண்பால் வடிவங்கள் உண்டு என்பதையும் தெளிவாக்கினார். கண்டுபிடிப்பு முழுமை பெறுவதைக் காண அவர் இல்லை. 1950இல் இறந்தபோது அவருக்கு வயது 43. அவருடைய பங்கு நெடுங்காலம் போதிய அளவு பேசப்படவில்லை என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும்.

கோபர் காட்டிய அந்த மும்மூன்று வடிவங்கள் ஊர்ப்பெயர்களாக இருக்கலாம் என்று கருதியவர் ஆங்கிலக் கட்டடக் கலைஞர் மைக்கேல் வென்ட்ரிஸ். 'கோ-நோ-சோ' என்பது நோசோஸ்; 'கோ-நோ-சி-யா' என்பது நோசோசைச் சேர்ந்த பெண்கள். 'பா-இ-தோ' என்பது பைஸ்டோஸ். 'பா-இ-தி-யா' அவ்வூர்ப் பெண்கள். பெண்பால் ஈறு பெற்ற இத்தகைய பெயர்கள் பல, துணி நெய்யும் குழுக்களின் பெயர்கள் என்பது பிறகு தெரிந்தது. 1952 ஜூலை முதல் நாள் பி.பி.சி. வானொலியில், இந்த எழுத்தின் மொழி கிரேக்கமே என்று வென்ட்ரிஸ் அறிவித்தார். கேம்பிரிட்ஜ் அறிஞர் ஜான் சாட்விக் அவரோடு இணைந்தார்; இருவரும் சேர்ந்து எழுதிய பெருநூல் 1956இல் வெளிவந்தது. நூல் வெளிவரவிருந்த சமயத்தில் வென்ட்ரிஸ் சாலை விபத்தில் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 34.

தமிழ் மாணவர்களுக்கு இந்த எழுத்தின் ஒரு தன்மை எளிதில் விளங்கும். தமிழில் 'க' என்ற ஒரே எழுத்து இடத்துக்கேற்ப வல்லொலியாகவும் மெல்லிய ஒலியாகவும் ஒலிப்பதுபோல, லீனியர் பி எழுத்திலும் ககர இன ஒலிகளுக்கு ஒரே வரிசைக் குறிகள்தான். பகர இனத்துக்கும் அப்படியே. சொல்லின் ஈற்றில் வரும் மெய்யை எழுதாமலே விட்டுவிடுவார்கள். எனவே ஒரு சொல்லைப் பல வகையாகப் படிக்க இடமுண்டு. ஆனால் பக்கத்தில் ஆட்டின் குறியும் எண்ணும் நிற்கும்போது தவறாகப் படிக்கும் வாய்ப்புக் குறைகிறது.

நான்கு ஆட்டுக்கு ஒரு பங்கு

ஆட்டுப் பலகை ஒவ்வொன்றும் சிறியது, உள்ளங்கையில் அடங்கிவிடும். இடப்பக்கம் மேய்ப்பரின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். அடுத்து ஊர்ப்பெயர். சிலவற்றில் மேய்ப்பருக்கு மேலே பொறுப்பு வகித்த ஒரு பெரிய மனிதரின் பெயரும் இருக்கும். பிறகு கிடாக்கள் இத்தனை, பெண்ணாடுகள் இத்தனை என்று வரும். கடைசியில் 'ஓ' என்ற ஓரெழுத்துக் குறியும் ஓர் எண்ணும். 'ஓ' என்பது 'ஓ-பே-ரோ' என்பதன் சுருக்கம். கிரேக்கத்தில் அது 'கொடுக்க வேண்டியது', அதாவது நிலுவை. 'சென்ற ஆண்டினுடையது' என்பதற்கும் 'பழையது' என்பதற்கும் இதேபோல் சுருக்கக் குறிகள் இருந்தன.

மேற்பார்வை செய்த பெரிய மனிதர்களுள் ஒருவரின் பெயர் 'வெ-வெ-சி-யோ'. ஆட்டு மயிரைக் குறிக்கும் பழைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. கம்பளிக்காரர் என்ற பெயருடைய ஒருவர் கம்பளியை மேற்பார்வையிட்டது தற்செயலாகவும் இருக்கலாம்.

ஆடுகளின் எண்ணிக்கையைப் பார்த்த முதல் ஆய்வாளர்களுக்கு ஒரு குழப்பம் இருந்தது. ஒரு மந்தையில் 100, இன்னொன்றில் 200, மற்றொன்றில் 50 என்று முழு எண்களாகவே பலவும் வருகின்றன. உயிருள்ள மந்தை இப்படி ஒழுங்காக இருக்காது; ஆடு சாகும், ஈனும், களவு போகும். மேலும் கிடாக்களே மிகுதி. பாலுக்கோ பெருக்கத்துக்கோ வளர்த்தால் பெண்ணாடுகள் அல்லவா மிகுந்திருக்க வேண்டும்? எனவே இவை அரசனுக்குக் கட்டிய வரி என்றனர் சிலர். தெய்வங்களுக்குக் கொடுத்த பலி ஆடுகள் என்றனர் வேறு சிலர்.

விடையை 1964இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜான் கில்லன் தந்தார். அவர் ஒப்பிட்டுப் பார்த்தவை இடைக்கால இங்கிலாந்தின் கம்பளிப் பண்ணைக் கணக்குகள். அங்கும் கம்பளிக்கென்றே காயடித்த கிடாக்களைத் தனி மந்தையாக வைத்திருந்தார்கள். காயடித்த கிடாவின் மயிர் அதிகம். ஈனும் வேலையும் அதற்கு இல்லை. செத்துப்போன ஆடுகளுக்கு ஈடாக, பெண்ணாட்டு மந்தையிலிருந்து புதியவற்றைச் சேர்த்து எண்ணிக்கையை நிறைத்துக்கொண்டார்கள். நோசோஸ் பலகைகளில் உள்ள 100 என்பது மந்தை இருக்க வேண்டிய அளவு. இருப்பதற்கும் இருக்க வேண்டியதற்கும் உள்ள வேறுபாடுதான் 'ஓ'. ஆக, முழு எண் என்பது அரண்மனை வைத்த இலக்கு.

கம்பளிக்குத் தனி அளவு இருந்தது. அதன் ஓர் அலகு இன்றைய கணக்கில் ஏறத்தாழ 3 கிலோ. பத்து அலகு சேர்ந்தால் ஒரு பெரிய நிறை. நோசோசில் எவன்ஸ் கண்டெடுத்த, எண்கால் கணவாய் உருவம் செதுக்கிய கல் ஒன்று 29 கிலோ இருக்கிறது. அது அந்தப் பெரிய நிறைக்கான எடைக்கல் என்று கருதப்படுகிறது. கம்பளி வரவைக் குறிக்கும் பலகைகளில் நான்கு கிடாவுக்கு ஓர் அலகு கம்பளி என்ற வீதம் மாறாமல் வருகிறது. அதாவது ஓர் ஆட்டுக்கு முக்கால் கிலோ. இன்றைய ஆடுகளோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. அக்கால இனங்கள் சிறியவை. பெண்ணாட்டு மந்தைகளுக்கு வீதம் இன்னும் குறைவு: பத்து ஆட்டுக்கு ஓர் அலகு. குட்டிக்குப் பால் கொடுக்கும் ஆட்டிடம் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது என்பது அந்தக் கணக்கருக்குத் தெரிந்திருந்தது.

கணக்கு எப்படி ஓடியது என்பதற்கு ஒரு மாதிரி காட்டலாம். ஒரு மேய்ப்பரிடம் 100 கிடாக்கள் உள்ளன. அவரிடமிருந்து வரவேண்டியது 25 அலகு. அவர் கொண்டுவந்தது 18 என்றால், பலகையில் முதலில் 100 ஆடு, பிறகு 18 கம்பளி, பிறகு 'ஓ' 7 என்று எழுதப்படும். 18ஐயும் 7ஐயும் கூட்டினால் 25. பல பலகைகளில் இந்தக் கூட்டல் சரியாக அமைவதைக் கண்டுதான் நான்குக்கு ஒன்று என்ற வீதமே தெரியவந்தது. பலகை எங்கும் அந்த வீதம் சொற்களில் எழுதப்படவில்லை. எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் மனப்பாடமாகத் தெரிந்த ஒன்றை யார் எழுதப் போகிறார்கள்?

எழுத்தின் சாயலைக் கொண்டு எழுதியவர்களைப் பிரித்தறியும் ஆய்வும் நடந்துள்ளது. ஒவ்வொருவருக்கும் பெயருக்குப் பதில் ஓர் எண். ஆட்டுப் பலகைகளில் பல நூற்றை எழுதியவர் '117ஆம் கை' என அழைக்கப்படுகிறார். கிரீட் தீவின் நடுப்பகுதியில் இருந்த மந்தைகளின் முழுக் கணக்கும் ஏறத்தாழ இந்த ஒருவரின் பொறுப்பில் இருந்தது. ஊர்வாரியாகக் கூட்டுத்தொகை எழுதிய பலகைகளும் உண்டு. எல்லாவற்றையும் சேர்த்தால் ஆடுகள் 80,000 முதல் 1,00,000 வரை வரும் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. ஒரு லட்சம் ஆடு என்றால், முக்கால் கிலோ வீதத்தில் 75,000 கிலோ கம்பளி. இது மேல்வரம்பு, நிலுவைகளைக் கழித்தால் குறையும்.

தா-ரா-சி-யா

கம்பளி வந்து சேர்ந்தபின் துணிக்கான திட்டம் தொடங்குகிறது. நோசோசின் மற்றொரு தொகுதிப் பலகைகளில் ஒரு பெண்கள் குழுவின் பெயர், அவர்கள் நெய்ய வேண்டிய துணியின் வகை, எண்ணிக்கை, அதற்குரிய கம்பளி ஆகியவை ஒரே பலகையில் வருகின்றன. இவ்வகைப் பலகை ஒன்றில் 'தா-ரா-சி-யா' என்ற சொல் இருக்கிறது. பிற்காலக் கிரேக்கத்தில் 'தாலசியா' என்பது கம்பளி நூற்றலைக் குறிக்கும். அதன் வேர்ப்பொருள் எடைபோடுதல். மூலப்பொருளை எடைபோட்டுக் கொடுத்து, செய்த பொருளைத் திரும்பப் பெறும் முறைக்கு அரண்மனை வைத்த பெயர் அது. பைலோசில் இதே சொல் வெண்கலக் கொல்லர்களுக்கும் வழங்கப்பட்டது. அங்கே எடைபோட்டது வெண்கலம்.

துணிக்குத் துணி தேவை மாறும். 'தே-பா' என்ற துணி ஒன்றுக்கு 7 அலகு கம்பளி. 'தூ-நா-நோ' ஒன்றுக்கு 3 அலகு. 'பா-வே-ஆ' என்ற துணியின் ஒரு வகைக்கு ஒன்றே முக்கால் அல்ல, ஒன்றும் மூன்றில் இரண்டும். அதாவது 21 கிலோ, 9 கிலோ, 5 கிலோ. இவை கழுவாத கம்பளியின் எடை என்றால், அழுக்கும் நெய்ப்பசையும் போனபின் நூல் கணிசமாகக் குறையும். அப்படியும் தே-பா என்பது மிகக் கனமான துணிதான். அது உடுத்தும் போர்வையா, தரையில் விரிப்பதா என்பதில் கருத்தொற்றுமை இல்லை.

இந்த வீதங்கள் கையில் இருந்தால் கணக்கைப் பின்னோக்கியும் போடலாம். ஒரு குழு 40 பா-வே-ஆ நெய்ய வேண்டும் என்று வைத்துக்கொண்டால், அதற்கு 66 அலகும் மூன்றில் இரண்டும் வேண்டும். அது 200 கிலோ. அதைத் தர 267 கிடாக்கள் வேண்டும். ஒரே ஒரு தே-பாவுக்கு 28 கிடாக்களின் ஓராண்டு மயிர் செலவாகும். எத்தனை துணி வேண்டும் என்று தீர்மானித்துவிட்டால், எத்தனை மந்தைகளின் கம்பளியை எந்தக் குழுவுக்கு ஒதுக்குவது என்பது தானாக வந்துவிடும். மந்தையிலிருந்து துணிவரை ஒரே அலகு ஓடுவதுதான் இந்த முறையின் பலம்.

கணக்கு எடையில் மட்டுமே ஓடுகிறது. காலம் அதில் இல்லை. நூற்பதில்தான் உண்மையான உழைப்பு இருந்தது. அன்று இராட்டை கிடையாது. பள்ளியில் தக்களி சுற்றிப் பழகிய தலைமுறைக்கு அதன் வேகம் தெரியும். ஏறத்தாழ அத்தகைய கைக்கதிரில்தான் அத்தனை நூலும் நூற்கப்பட்டது. கதிரின் அடியில் செருகும் வட்டுகளும், நிமிர்ந்த தறியில் பாவு நூல்களை இழுத்துப் பிடிக்கத் தொங்கவிட்ட களிமண் குண்டுகளும் கிரீட் தீவின் அகழ்வுகளில் ஏராளமாகக் கிடைத்துள்ளன. ஒரு நெசவாளருக்கு நூல் ஊட்டப் பல நூற்பவர்கள் வேண்டும்.

முடிந்த துணி மறுபடியும் கணக்கில் ஏறும். எந்தக் குழுவிடமிருந்து வந்தது என்று ஒரு பலகை. கிடங்கில் வைத்தபின் எப்படிப்பட்ட துணி என்று இன்னொரு பலகை: வெள்ளை விளிம்புடையது, பல நிற விளிம்புடையது, 'விருந்தினருக்குரியது' என்றெல்லாம் பிரித்து எழுதியிருக்கிறார்கள். அயல்நாட்டவருக்குப் பரிசாகவோ பண்டமாற்றாகவோ போகவிருந்த துணிகள் அவை என்று கருத இடமுண்டு.

இந்த முறை கிரீட்டில் முளைத்ததன்று. அதற்கு அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் முன்பே, கி.மு. 21ஆம் நூற்றாண்டில், மெசொப்பொத்தேமியாவில் ஊர் நகர அரசர்களின் ஆட்சியில் இதைவிடப் பெரிய அளவில் கம்பளிக் கணக்கு எழுதப்பட்டது. அங்கே கம்பளி தரவாரியாகப் பிரிக்கப்பட்டது. நெய்யும் பெண்களுக்கு மாதந்தோறும் வாற்கோதுமையும் ஆண்டுதோறும் கம்பளியும் படியாக அளக்கப்பட்டன.

கணக்கில் வந்த பெண்கள்

நோசோஸ் கணக்கு முழுவதும் யாரைச் சுற்றி நடக்கிறதோ, அவர்களைப் பற்றி அது மிகக் குறைவாகவே சொல்கிறது. மேய்ப்பர்களுக்குப் பெயர் உண்டு. ஒவ்வொரு பலகையும் ஒரு மேய்ப்பரின் பெயரோடுதான் தொடங்குகிறது. உழவு மாடுகளுக்குக்கூடப் பெயர் உண்டு. நோசோசின் ஒரு சிறு தொகுதியில் காளைச் சோடிகளின் பெயர்கள் எழுதப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்றின் பெயருக்குக் 'கருப்பன்' என்பது பொருள். நெய்த பெண்களோ பெரும்பாலும் ஊர்ப்பெயராலோ தொழிற்பெயராலோ மேற்பார்வையாளரின் பெயராலோ குழுவாக மட்டுமே வருகிறார்கள். பெண்களைத் தனித்தனிப் பெயரோடு குறிக்கும் பலகைகள் சில உள்ளன, அவை விதிவிலக்கு.

பெண்கள் எத்தனை பேர் என்பதோடு, அவர்களுடைய பிள்ளைகளும் பெரியவர், சிறியவர் என்று பிரித்து எண்ணப்பட்டனர். சிலருக்கு எதிரே 'டி-டா-கா-ரே' என்ற சொல் வருகிறது: 'ஆசிரியரிடம் இருப்பவர்'. பிற்காலக் கிரேக்கத்தில் ஆசிரியரைக் குறிக்கும் 'டிடாஸ்கலோஸ்' என்ற சொல்லின் பழைய தடம் இது. அங்கே கற்பிக்கப்பட்டது எழுத்தன்று, தொழில். ஒரு குழுவில் அடுத்த சில ஆண்டுகளில் எத்தனை கைகள் சேரும் என்பதையும் அரண்மனை கணித்துவைத்திருந்தது என்பதே இதன் பொருள்.

பைலோஸ் பலகைகள் இதற்கு மேலும் விளக்கம் தருகின்றன. அங்கே ஏறத்தாழ 750 பெண்களும், ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் பிள்ளைகளும் பட்டியலில் உள்ளனர். மயிரைச் சிக்கெடுப்பவர், நூற்பவர், நெய்பவர், துணிக்கு இறுதி வேலை செய்பவர் என்று தொழில் பிரிந்திருக்கிறது. தானியமும் அத்திப்பழமும் படியாக அளக்கப்பட்டன. பெண்ணுக்கு இரண்டு பங்கு, பிள்ளைக்கு ஒரு பங்கு. குழுக்களின் பெயர்களுள் சில 'இலெம்னோஸ் பெண்கள்', 'மிலேட்டஸ் பெண்கள்', 'நிடோஸ் பெண்கள்' என்பன. இலெம்னோஸ் ஏஜியன் கடலின் வடக்கே உள்ள தீவு. மற்ற இரண்டும் கடலுக்கு அப்பால், இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் உள்ளவை. அவ்வளவு தொலைவிலிருந்து பெண்களும் பிள்ளைகளும் எப்படி வந்தார்கள்? சூறையில் பிடிபட்டவர்கள் அல்லது சந்தையில் வாங்கப்பட்டவர்கள் என்பதே ஆய்வாளர்கள் பலரின் கருத்து. கணவர்கள் பட்டியலில் இல்லை. வளர்ந்த ஆண்பிள்ளைகளுக்குத் தனிப் பலகைகள் உண்டு. அங்கேயும் 'இன்ன பெண்களின் மகன்கள்' என்றுதான் குறிப்பு. தந்தை பெயர் இல்லை.

இவர்கள் அடிமைகளா, கட்டாய வேலை செய்தவர்களா, படி வாங்கிக்கொண்டு உழைத்த சுதந்திரமான பெண்களா என்பதைப் பலகைகள் நேரடியாகச் சொல்வதில்லை. எல்லா இடத்திலும் நிலைமை ஒன்றாக இருந்திருக்கும் என்றும் கொள்ள வேண்டியதில்லை. கிரீட்டில் பல குழுக்கள் தம் ஊர்ப் பெயரையே தாங்கியிருப்பதால், அவர்கள் உள்ளூரிலேயே குடும்பத்தோடு வாழ்ந்து, ஆண்டில் சில காலம் மட்டும் அரண்மனைக்கு நெய்து கொடுத்தவர்களாக இருக்கலாம். பைலோஸ் நிலைமை வேறாகத் தோன்றுகிறது.

கணக்கில் வராதவை

அரண்மனை தனக்குத் தேவையானதை மட்டுமே எண்ணியது. வீட்டில் தன் பிள்ளைக்காக ஒரு பெண் நூற்ற நூல் எந்தப் பலகையிலும் இல்லை. மேய்ப்பர் தமக்கென வைத்திருந்த ஆடுகளும் இல்லை. தொல்லியலாளர் பால் ஹால்ஸ்டெட் இதை வற்புறுத்திக் காட்டியவர். அகழ்வில் பருப்பு வகைகள் கிடைக்கின்றன. பலகைகளில் அவற்றைக் காணோம். மக்கள் உண்டதும் வளர்த்ததும் வேறு, அரண்மனை எழுதிவைத்தது வேறு. ஆகையால் இப்பலகைகளைக் கொண்டு தீவின் முழுப் பொருளாதாரத்தையும் வரைய முற்படுவது பொருந்தாது.

மேய்ப்பர்களின் நிலுவைக்கு என்ன தண்டனை என்பதும் எங்கும் எழுதப்படவில்லை. நிலுவை மிகச் சாதாரணமாக வருகிறது. பலகைக்குப் பலகை 'ஓ' இருக்கிறது. நூற்றுக்குப் பத்து இருபது குறைவது அன்றாட நடப்பாக இருந்தால், இலக்கு வேண்டுமென்றே உயர்த்தி வைக்கப்பட்டதோ என்ற ஐயமும் எழுகிறது. எட்ட முடியாத அளவை விதித்துவிட்டால், மேய்ப்பர் எப்போதும் அரண்மனைக்குக் கடன்பட்டவராகவே இருப்பார். இது ஊகம்தான், ஆனால் கணக்கின் போக்குக்கு முரணானதன்று.

நோசோஸ் எரிந்த பின்னும் பைலோஸ் போன்ற பெருநில அரண்மனைகளில் இந்த எழுத்து தொடர்ந்தது. கி.மு. 1200ஐ ஒட்டி அவையும் ஒவ்வொன்றாக அழிந்தபோது எழுத்தும் மறைந்தது. கணக்கு எழுதுவதற்கென்றே ஒரு சிலருக்கு மட்டும் தெரிந்திருந்த எழுத்து அது. கணக்கு நின்றதும் அதற்கு வேலை இல்லாமற்போயிற்று. கிரேக்கர்கள் மறுபடியும் எழுதத் தொடங்கியது கி.மு. 8ஆம் நூற்றாண்டில், பினீசியரிடமிருந்து பெற்று மாற்றிக்கொண்ட வேறோர் எழுத்தில். இடைப்பட்ட காலத்தில் ஆடுகள் மேய்ந்தன, பெண்கள் நூற்றார்கள். எழுதிவைக்க யாரும் இல்லை. தாலசியா என்ற சொல் மட்டும் வாய்மொழியாகவே தங்கி, அரண்மனையும் எடைக்கல்லும் மறந்துபோன பின்னும், வீட்டுப் பெண்களின் கம்பளி வேலைக்குப் பெயராகக் கிரேக்க மொழியில் வழங்கிவந்தது.